உறை பிரிக்காத சோபா

தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கிளிஞ்சல் தெருவில், உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்று, சைக்கிள் மட்கார்டைத் தின்று, மின்விசிறி இறக்கையைத் தின்று, போன வருஷம் வாங்கிய பீரோவின் அடித்தகட்டையும் தின்றுவிட்டு, அடுத்து எந்த வீட்டில் புதுச் சாமான் வந்து இறங்குகிறது என்று முக்கில் காத்து நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் அந்தத் தெருவில் யாரும் எந்தச் சாமான் மீதும் அளவுக்கு மீறி ஆசை வைப்பதில்லை, அமலோற்பவத்தைத் தவிர.

அமலோற்பவத்தின் வீட்டுக்குள் உப்புக்காற்று நுழைந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நாற்காலிக் கால்கள் எல்லாம் பழைய சாக்ஸ் போட்டிருந்தன. சாப்பாட்டு மேசைக்கு முதலில் துணி, துணிக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு, விரிப்பு கீறிவிடக் கூடாதே என்று அதற்கு மேல் செய்தித்தாள். ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குப் பூப்போட்ட உறை, டிவி ரிமோட்டுக்கு பாலித்தீன் பையும் ரப்பர் பேண்டும். அவள் கணவர் கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், இருபது டன் கன்டெய்னரைச் சத்தமில்லாமல் கப்பலில் இறக்கி வைத்த மனிதர், வீட்டில் ஒரு டம்ளரை மேசையில் வைப்பதற்கு முன்னால் மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

சோபா வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். மெரூன் நிற வெல்வெட். கடை ஆட்கள் அதைக் கூடத்தில் இறக்கிவிட்டு, மேலே போர்த்தியிருந்த கனத்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கை வைத்தபோது, அமலோற்பவம் அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "கிழிச்சிராதீய, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். அது பாட்டுக்கு இருந்தது. ஓரங்களில் டேப் ஒட்டினாள், டேப் உரிந்தால் அதன்மேல் இன்னொரு டேப். விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து மெல்ல மெல்ல வழுக்கி முன்னால் வந்துகொண்டே இருப்பார்கள், எழுந்திருக்கும்போது உறை தொடையை விட மனசில்லாமல் பர்ரென்று சத்தம் போடும். வெல்வெட்டைத் தொட்டவர் அந்தத் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது, வாங்கியவளையும் சேர்த்து.

இப்படிப் பத்து வருஷம் போனபின் ஒருநாள், எதிர்வீட்டுப் பிரகாசி சல்லடை கேட்க வந்தவள், சோபாவில் கிடந்த பிச்சிப்பூச் சரத்தைப் பார்த்தாள்.

"எக்கா, இது நான் வச்ச பூவுல்லா?"

"ஆமா. அன்னைக்கு வந்தப்ப விட்டுட்டுப் போயிட்ட."

"அது ஆச்சே பத்தொம்பது நாளு."

"எடுத்துட்டுப் போ. ஈரம் உறையில படுது."

பூ அப்போதுதான் தொடுத்ததுபோல் இருந்தது, ஒரு மொட்டுகூட வாய் திறக்கவில்லை. பிரகாசி அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், மறுநாள் காலையில் பால் பாக்கெட்டோடு வந்து, "இதையும் ஒரு ஓரமா வச்சிக்கிடட்டா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சோபாவின் மேல் வைத்தது எதுவும் பழசாவதில்லை, வாடுவதில்லை, புளிப்பதில்லை, தேய்வதில்லை என்பதைக் கிளிஞ்சல் தெரு ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டது, இவ்வளவு பொத்தி வைத்தால் வேறு எப்படி இருக்கும் என்று ஒத்துக்கொண்டது, அதற்கப்புறம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு வரலாம் என்றுதான் கேட்டார்கள். இட்லி மாவு வந்தது, சீலா மீன் வந்தது, இஸ்திரி போட்ட சட்டை வந்தது, கல்யாணப் பெண் ஒருத்தி காலையிலேயே முகப்பூச்சை முடித்துக்கொண்டு வந்து பூசைக்கு மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்துவிட்டுப் போனாள். பங்குச் சாமியார் ஒரு சனிக்கிழமை வந்து, சோபாவைச் சுற்றிப் பார்த்து, இதைப் புதுமை, தேவ அற்புதம் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டுமா என்று கொஞ்ச நேரம் யோசித்து, எழுதினால் பத்து கேள்வி வரும் என்று விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு வேண்டிய பூவை மட்டும் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். அமலோற்பவம் எல்லோரையும் அனுமதித்தாள், காலைக் கழுவியிருக்க வேண்டும், பின்பையில் சாவி இருக்கக் கூடாது, பாத்திரத்துக்கு அடியில் துணி இருக்க வேண்டும்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. எதோடு போய் உட்கார்ந்தார்களோ அது அப்படியே நிற்கும். கஸ்பார் பசியோடு உட்கார்ந்து எட்டு இட்லி தின்றும் பசி அடங்காமல் பயந்து எழுந்தார். விக்கலோடு உட்கார்ந்த ஒரு தபால்காரர் மூன்று மணி நேரம் விக்கினார். சுவர்த் தகராறைப் பேசித் தீர்க்கலாம் என்று வந்து உட்கார்ந்த மூன்றாம் வீட்டு அண்ணன் தம்பிக்கு, யார் என்ன சமாதானம் சொல்லியும் மாலைவரை கோபம் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை, எழுப்பித் தெருவில் நிறுத்தியதும் பத்து நிமிஷத்தில் ஆறிப்போனது. அதற்குப் பிறகு அங்கே யாரும் பஞ்சாயத்து பேச வருவதில்லை.

இப்படி இரண்டு வருஷம் ஓடியபின் மகள் ஜெனிட்டா பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள்.

ஜெனிட்டாவின் கணவன் மெல்வின் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஏப்ரலில் இறங்கிவிடுவேன், பிள்ளை பிறக்கும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன் என்று அவன் தானாகச் சொன்னது, அவள் கேட்டு வாங்கிய வாக்கு அல்ல. ஏப்ரல் பாதியில், இனி எந்த நாளும் வலி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பிய அன்றைக்கு, அவன் போனில் முகம் காட்டினான்.

"என்ன, இன்னும் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. எனக்குப் பதிலா ஏற ஆள் கிடைக்கலையாம், இன்னும் ஒரு மாசம் இருந்து குடுன்னு கேக்காவ. வலி வந்ததும் ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த துறைமுகத்துலயே இறங்கிருதேன்."

"சரி" என்றாள் ஜெனிட்டா.

போனை வைத்தாள், காலைக் கழுவினாள், வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள்.

அமலோற்பவத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, புரிந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்தது கடைசியில் பெற்ற மகளுக்கு உதவுகிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், குளிக்க, சாப்பிட, முற்றத்தில் நடக்க ஜெனிட்டா எழுந்திருப்பாள், மற்ற நேரமெல்லாம் சோபா. உறங்குவதும் அதில்தான், உறங்குவதற்கு முன்னால் தூக்கம் வரும்வரை அறைக்குள் நடந்து, தூக்கத்தோடு வந்து படுத்துக்கொள்வாள், அம்மா எழுப்பினால்தான் உண்டு. ஏப்ரல் போனது, மே போனது, ஜூன் போனது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் கருவி ஒவ்வொரு தடவையும் முப்பத்தெட்டு வாரம் என்றது. டாக்டரம்மா காலண்டரைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், மூன்றில் நர்ஸைத்தான் திட்ட முடிந்தது.

கிளிஞ்சல் தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா பின்னத் தொடங்கியிருந்தவள் அவகாசம் கிடைத்ததென்று காலுறையும் பின்னினாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயிற்றில் கூடுதலாக இருந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று குழாயடியில் இரண்டு கட்சி உருவானது. மாவுப் பானைகளையும் பூக்கூடைகளையும் ஜெனிட்டாவைச் சுற்றி அடுக்கினார்கள், "கொஞ்சம் தள்ளிக்கோட்டி" என்று அவளிடம் சொல்வது சோபாவுக்கே சொல்வதுபோல் ஆகிவிட்டது.

மெல்வின் மாதாமாதம் கூப்பிட்டான். இன்னும் பிறக்கவில்லையா என்று கேட்பான், இல்லை என்பாள், அப்படியானால் இன்னும் ஒரு மாதம் கேட்கிறார்கள் என்பான், சரி என்பாள். பிள்ளை பிறக்காததால் அவன் வரவில்லை, அவன் வராததால் பிள்ளை பிறக்கவில்லை, கப்பல் பாட்டுக்குக் கொரியாவுக்கும் பிரேசிலுக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

"வாங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான?" என்று அமலோற்பவம் கேட்டாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? வாரேன்னு சொன்னது அவரு. சொன்னவருக்கு ஞாபகம் இருக்கணும்."

"அவருக்கு இங்க நடக்கது தெரியாதுல்லா."

"தெரிஞ்சு வந்தா அதுல என்ன இருக்கு?"

ஜூலைக் கடைசியில், மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றைக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அமலோற்பவம் சோபாவின் கீழே தரையில் உட்கார்ந்து மகளின் வயிற்றில் கை வைத்திருந்தாள். பிள்ளை உதைத்தது. வலது விலாவுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, வேகமாக இரண்டு, மெதுவாக ஒன்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது, "நேத்தும் இங்கதான உதைச்சான்" என்றாள். மறுநாளும் கை வைத்தாள். வலது விலாவுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, வேகமாக இரண்டு, மெதுவாக ஒன்று. அதற்கு மறுநாளும் அதேதான். ஐந்தாம் நாள் அவள் கையை எடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். போன மாதமும் அதே இடத்தில் அப்படித்தான் உதைத்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது, அதற்கு முந்தின மாதமும்.

"பிள்ளை வளரல" என்றாள் கஸ்பாரிடம். "ஒரே உதையைத்தான் உதைச்சுக்கிட்டு இருக்கு. வயித்துக்குள்ள இருக்கது நம்ம பேரப்பிள்ளையா, அந்தப் பூச்சரமா?"

போய் மகளிடம் கெஞ்சினாள். எழுந்திரு என்றாள், அதட்டினாள், அழுதாள், மாதாவின் பேரைச் சொன்னாள். ஜெனிட்டா ஏப்ரல் மாதம் சொன்ன அதே குரலில், "அவரு வரட்டும்" என்றாள். அன்றாடம் எழுந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்திலும் பேசிப் பார்த்தார்கள். நேரம் முடியும்போது கொஞ்சம் இளகினாற்போல் இருக்கும், போய் உட்கார்ந்துவிட்டால் மிச்சமிருந்த பிடிவாதம் அப்படியே நிற்கும்.

"அவ வீம்போட உட்கார்ந்திருக்கா" என்றார் கஸ்பார். "அதுல உட்கார்ந்தா எந்த வீம்பு தேயும்? நீ சொல்லுதது எல்லாம் வழுக்கிக்கிட்டுத் தரையில விழுது."

"அப்ப என்னதான் செய்ய?"

கஸ்பார் சோபாவைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு வெளியே போய்ச் சாக்ஸ் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சோபாவைப் பற்றி ஒரு சொல் சொல்லும் துணிச்சல் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அன்றைக்கு அமலோற்பவம் உறையை நான்கு தடவை துடைத்தாள். மறுநாள் ஆறு தடவை. டேப் ஒட்டிய இடங்களை விரலால் நீவிக்கொடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள், ஏப்ரலில் நெற்றியில் வந்திருந்த சின்னப் பரு அப்படியே இருந்தது. வீட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருப்பது சோபா மட்டுமல்ல என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

திருவிழாவின் ஒன்பதாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, மறுநாள் தேருக்கு வேண்டிய பூவெல்லாம் பன்னிரண்டு கூடைகளில் ஜெனிட்டாவைச் சுற்றி மலைபோல் குவிந்திருக்க, அமலோற்பவம் மீன் அரியும் கத்தியோடு கூடத்துக்கு வந்தாள்.

பூக்கூடை எண்ண வந்திருந்த பிரகாசிதான் முதலில் பார்த்தாள். "எக்கா, என்ன பண்ணுத? அதுல என் மாவு இருக்கு!"

சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. தேர் முடியட்டும் என்றார்கள் சிலர், ரெண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்றார்கள், ஒருத்தர் தன் கல்யாணச் சட்டையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பங்குச் சாமியார் கத்தியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், ஜெனிட்டாவின் வயிற்றைப் பார்த்தார். "பூ வேற வாங்கிக்கிடலாம்" என்றார். "வண்டி ஏதாவது சொல்லியிருக்கா?"

"எம்மா, வேண்டாம்மா" என்றாள் ஜெனிட்டா.

"எந்திரி."

"மாட்டேன்."

"சரி, உட்காரு" என்று சொல்லி அமலோற்பவம் கைப்பிடியின் ஓரத்தில் கத்தியைக் குத்தி, கன்னத்தில் கண்ணீர் ஓட ஓட, சூரை மீனின் வயிற்றைக் கீறுவதுபோல் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

பன்னிரண்டு வருஷமாக வாசலில் காத்து நின்ற உப்புக்காற்று அந்தக் கீறல் வழியாக உள்ளே போனது. மெரூன் வெல்வெட் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாகி, ரோஸாகி, வெளுத்த செங்கல் நிறமாகி, இத்தனை வருஷம் உட்கார்ந்தவர்களின் தேய்மானமெல்லாம் ஒன்றாக வந்து இறங்கியதில் நடுவே குழி விழுந்தது. ஸ்பிரிங் ஒன்று டொய்ங்கென்று எழுந்து நின்றது. மாவுப் பானைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொங்கித் தரையில் வழிந்தன, பன்னிரண்டு கூடைப் பூவும் கறுத்துச் சுருங்கின, கல்யாணச் சட்டையின் காலர் மஞ்சளாகிப்போனது. மூன்றரை மாதமாக நின்றிருந்த உதைகள் அத்தனையும் முண்டியடித்துக்கொண்டு வந்தன, விலாவில், இடுப்பில், அடிவயிற்றில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். ஜெனிட்டா வாயைத் திறந்து, "எம்மா, வலிக்கு" என்றாள்.

"வலிக்கட்டும், மக்கா, வலிக்கட்டும்" என்று அமலோற்பவம் அவள் தலையைக் கட்டிக்கொண்டாள்.

எழுந்திருக்க முடியவில்லை. வலி அவ்வளவு வேகத்தில் வந்துகொண்டிருந்தது, குழி வேறு அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. திருவிழாக் கூட்டத்தில் கார் வராது. பூக்கூடை ஏற்ற வந்த லோடு ஆட்டோ வாசலில் நின்றது. கஸ்பார் சட்டைக்கையைச் சுருட்டினார். வாழ்க்கையில் அவர் தூக்கியதிலேயே கனம் குறைந்த சரக்கும் அதுதான், பயந்து தூக்கிய சரக்கும் அதுதான். நான்கு ஆட்களை நான்கு மூலையில் நிறுத்தி, "மெதுவா, இடது பக்கம் இறக்கு, இறக்கு, நில்லு" என்று கையசைத்து, மகளோடு சேர்த்துச் சோபாவைத் தூக்க வைத்தார். நிலைவாசலில் அது இடித்துக்கொண்டு நின்றது. நான்கு பேரும் பழக்கத்தால் அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"என் மூஞ்சில என்ன இருக்கு? இடிச்சா இடிக்கட்டும், தள்ளுங்க!" என்று கத்தினாள் அவள்.

தள்ளினார்கள். தேக்கு நிலையில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்தது, சோபாவின் கைப்பிடி பெயர்ந்தது, லோடு ஆட்டோ கிளம்பியது. கோவில் முக்கில் கூட்டம் வழி விட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள், சோபாவில் ஒரு கர்ப்பிணி சாய்ந்திருக்க, பக்கத்தில் கத்தியோடு ஒருத்தி நிற்க, பின்னால் ஒரு சாமியார் ஓடி வருவதைப் பார்த்து, இந்த வருஷம் சப்பரத்தில் புதிதாக ஏதோ காட்சி சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். கையில் கத்தி இருப்பதே அமலோற்பவத்துக்கு ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கேட்டபோதுதான் தெரிந்தது.

பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம். மாலை ஆறரைக்குப் பிறந்து, இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து அழுதது. சோபா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டது, இப்போது வாட்ச்மேன் அதில் உட்கார்ந்து டீ குடிக்கிறார், உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்று சொல்கிறார்.

கஸ்பார் போன் செய்து சொன்னார். மெல்வின் அடுத்த துறைமுகத்தில் இறங்கி, மூன்று விமானம் மாறி, பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் காலையில் வந்து சேர்ந்தான். குழந்தையைப் பார்த்து அழுதான். பிறகு மனைவியைப் பார்த்து, "ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அப்பவே வந்திருப்பேன்ல?" என்றான்.

"நான் ஏன் கூப்பிடணும்?" என்றாள் ஜெனிட்டா, அதே குரலில்.

தரையில் விரித்த பாயில் உட்கார்ந்து இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். முதல் நாள் பெரிய சண்டை. இரண்டாம் நாள் பாதி சண்டை, நடுவில் குழந்தை பாயை நனைத்துவிட்டதால் எழுந்து துணி மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் எதில் விட்டோம் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. அமலோற்பவம் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள், சண்டை தேயத் தேய அவளுக்கு உடம்பு லேசானது.

அன்று மாலை மெல்வின் பெட்டியைத் திறந்து மாமியாருக்கென்று வாங்கி வந்ததை எடுத்தான். நடந்தது எதுவும் அவனுக்கு முழுதாகத் தெரியாது, தெரிந்தவர்கள் யாரும் சொல்லவும் இல்லை. நல்ல கனத்த, கண்ணாடி மாதிரித் தெளிந்த, இருபது மீட்டர் பிளாஸ்டிக் சுருள்.

"மாமி, கொரியாவுல வாங்குனது. கத்தி வச்சு இழுத்தாக்கூடக் கீறல் விழாதாம்."

கஸ்பார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற பிரகாசி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு, மருமகனே" என்று அமலோற்பவம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் அதை மொட்டை மாடியில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, உப்பில் ஊறிய நெத்திலியை அதன்மேல் பரப்பினாள். கீழே வந்தவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போட்டாள், எடுத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்ததும் மூச்சு வாங்க மாடிப்படி ஏறிப்போய், குனிந்து, ஒரு நெத்திலியை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

சுருங்கியிருந்தது. கண் மங்கி, முதுகு வளைந்து, தெரு முழுக்க நாறும்படி அருமையாகக் காய்ந்துகொண்டிருந்தது.